அடிபட்டும் உடையாத கரிய கோள்

வானத்தில் ஒளியோடு திகழ்வனவற்றையே நாம் கண்டு வியக்கின்றோம். ஒளி குன்றிய கரிய பொருள்களும் அங்கே எண்ணிறந்தன உள என்பதை நினைப்பதில்லை. அத்தகைய கரிய குறுங்கோள் ஒன்றின் வரலாற்றை இவ்வாரம் வாசகர்களுக்குக் கூற விழைகின்றோம்.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே இலட்சக்கணக்கான குறுங்கோள்கள் ஞாயிற்றைச் சுற்றி வருகின்றன. அவற்றைத் தேடுவதிற் பெரும் பேர் பெற்றவர் ஒஸ்திரிய நாட்டு வானியலறிஞர் யோகான் பலிசா. வானத்தைப் புகைப்படம் எடுத்துக் குறுங்கோளைக் கண்டுபிடிக்கும் முறை 1891 ஆம் ஆண்டிலேதான் கைகூடிற்று. அதற்கு முன்னர், தொலைகாட்டியிற் கண்ணை வைத்து, தெரியும் விண்மீன்களை வரைபடத்தோடு ஒப்பிட்டு, இடம் பெயரும் புள்ளி எது என இரவிரவாகத் தேடுதல் வேண்டும். இவ்வாறு கண்ணையே துணையாகக் கொண்டு பலிசா கண்டறிந்தவை 122 குறுங்கோள்களாகும். 1885 நவம்பர் 12 ஆந் திகதி வீயன்னாவில் அவர் கண்ட ஒன்று 253 ஆம் இலக்கத்தைப் பெற்றது. அதன் பாதையைக் கணித்த லெபூ என்பார் அதற்கு ‘மதில்டா’ எனப் பெயர் சூட்டினார். பாரிஸ் வானாய்வு நிலையத்தின் துணைத் தலைவராயிருந்த மோரிட்ஸ் லோவியின் மனைவியார் பெயர் அது என்பர்.

பலிசா கண்டது ஒரு மங்கிய புள்ளியே. அப்புள்ளியின் உருவத்தை மனிதர் காண 111 ஆண்டுகள் கடந்தன. ஈரோஸ் என்னும் வேறொரு குறுங்கோளை நாடி 1996 இல் அமெரிக்கா அனுப்பிய ‘நியர்’ என்னும் விண்கலம், 1997 ஜூன் 27 ஆந் திகதி, வழியில் மதில்டாவை 1,212 கிலோ மீற்றர் தூரத்திலே கடந்தது. செக்கனுக்கு ஏறத்தாழப் பத்துக் கிலோ மீற்றர் வேகத்தில் விரைந்த அக்கலம் ஐந்நூறுக்கு மேற்பட்ட படங்களை எடுத்தனுப்பிற்று.

அப்படங்களிலே தோன்றிய கோளின் சராசரி விட்டம் ஏறக்குறைய 53 கிலோ மீற்றர். தன்மேல் விழும் ஞாயிற்றொளியில் நூற்றுக்கு நான்கு பங்கையே அது திருப்பியனுப்புகின்றது. நிலக்கரி போன்ற கருமை. ஆதலின் அதிலுள்ள குழிகளுக்கு உலகின் நிலக்கரி வயல்களின் பெயர்களையே இட்டனர். தென்னாபிரிக்காவின் கறூ, யப்பானின் இஷிக்காரி, இந்தியாவின் தாமோதர் என்பன அவற்றுட் சில. இக்கோள் தன்னைத்தானே ஒருமுறை சுற்றுவதற்குப் பதினேழு நாட்களுக்கு மேல் எடுக்கின்றது. சில மணித்தியாலங்களிற் சுழலும் மற்றைக் குறுங்கோள்கள் பலவற்றோடு ஒப்பிடின் இது பெருஞ் சோம்பேறியே!

அறிஞர்களைத் திகைக்க வைத்தவை அக்குழிகளே. கறூ 33 கிலோ மீற்றர் அகலமானது. கோளின் ஆரையினும் பெரியது. இஷிக்காரியும் அத்தகையதே. இத்துணைப் பெரிய மோதல்கள் ஒன்றல்லப் பல நேர்ந்தும் கோள் சிதறாதிருந்தது எவ்வாறு?

விண்கலமே விடையையுங் கொணர்ந்தது. மதில்டாவின் ஈர்ப்பினால் அதன் செலவில் நேர்ந்த சிறு மாற்றத்தை வானொலி அலைகளால் அளந்து, கோளின் திணிவைக் கணித்தனர். அதன் அடர்த்தி தண்ணீரின் அடர்த்தியைப்போல் 1.3 மடங்கே. சாதாரணக் கற்பாறையின் அடர்த்தியோ இதன் இருமடங்குக்கு மேலாகும். எனவே மதில்டா ஒரே பாறையன்று. அதன் உட்புறத்திற் பாதியளவு வெற்றிடமாகலாம் எனத் துணிந்தனர். கண்ணாடிப் பாத்திரத்திற் கல்லை எறிந்தால் அது நொறுங்குகின்றது. மணற்குவியலில் எறிந்தாலோ எறிந்த இடத்திற் குழி மட்டுமே விழுகின்றது. மதில்டாவும் அம்மணற்குவியல் போன்று அடியின் வேகத்தைத் தன்னுள்ளேயே அடக்கிக் கொண்டது.

இதனை அறிவதால் நமக்கென்ன பயன் என மாணவர் வினவலாம். மதில்டாவினாற் பூமிக்கு அபாயமில்லை. ஆயினும் வேறொரு குறுங்கோள் என்றேனும் பூமியை நோக்கி வருமாயின் அதனை இடித்து வழி திருப்ப வேண்டியிருக்கும். 2022 செப்டெம்பர் 26 ஆந் திகதி டிமோர்போஸ் என்னும் சிறு கோளின்மீது விண்கலமொன்றை மோதவிட்டு, அதன் சுற்றுக் காலத்தை அரை மணித்தியாலத்துக்கு மேற் குறைத்துக் காட்டினர். எனினும் இடியை வாங்கும் கோள் கெட்டியானதா, மதில்டாவைப் போலத் தளர்ந்ததா என்பதை முன்னரே அறியாவிடின் அம்முயற்சியின் பலனைக் கணித்தல் அரிது.

உறுதியென்பது கடினத்தில் மட்டுமே உளது என்று எண்ணுகின்றோம். அடியைத் தாங்கிக்கொள்ளும் நெகிழ்ச்சியும் ஓர் உறுதியே என்பதற்கு இக்கரிய கோள் சான்றாய்ச் சுழல்கின்றது.