கறுப்புத் திரைக்குப் பயப்படலாமா?

கைநாட்டு வைத்த காலம் ஒன்று இருந்தது. பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. கட்டை விரலில் மையைத் தடவி, காட்டிய இடத்தில் வைத்தார்கள். வீடு போனவர் உண்டு. நிலம் போனவரும் உண்டு. எழுதப் படிக்கக் கற்றவர்கள் அந்தத் துன்பத்திலிருந்து தப்பினார்கள்.

இன்று கம்ப்யூட்டர் விஷயத்தில் பலர் மறுபடியும் கைநாட்டுதான் வைக்கிறார்கள்! திரையில் படம் தெரிகிறது. அதை அழுத்துகிறார்கள். வேலை நடக்கிறது. ஒருநாள் படம் அசையாவிட்டால் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்கள்.

கம்ப்யூட்டருக்கு எழுத்தாலும் ஆணையிடலாம். அதற்குக் கட்டளை என்று பெயர். ஐந்தாறு கட்டளைகளை ஒவ்வொரு வீட்டிலும் ஒருவராவது தெரிந்து வைத்திருப்பது அவசியம்.

எழுதினால் பதில் வரும்

விண்டோஸ் கம்ப்யூட்டரில், விண்டோஸ் பொத்தானையும் 'ஆர்' எழுத்தையும் சேர்த்து அழுத்தவேண்டும். ஒரு சிறு கட்டம் தோன்றும். அதில் சி, எம், டி என்ற மூன்று எழுத்துகளை அடித்து, என்டர் பொத்தானைத் தட்டினால் கறுப்புத் திரை வரும்.

அங்கே 'டேட்' என்று ஆங்கில எழுத்தில் அடித்தால் இன்றைய தேதியைச் சொல்லும். 'டைம்' என்று அடித்தால் மணியைச் சொல்லும். "புதியது என்ன?" என்றும் கேட்கும். மாற்ற விருப்பம் இல்லையென்றால் மறுபடியும் என்டரைத் தட்டினால் போதும். லினக்ஸ் கம்ப்யூட்டரில் 'டேட்' ஒன்றே தேதி, மணி இரண்டையும் சொல்லிவிடும்.

இந்தக் கட்டளை நேற்று வந்தது அல்ல. அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவான யூனிக்ஸ் முறையின் முதல் கையேடு 1971-ல் வெளிவந்தது. அதிலேயே 'டேட்' இருக்கிறது. அதன் பிறகு வந்த படங்கள் எத்தனையோ முறை உருவமும் இடமும் மாறிவிட்டன. இந்த நான்கு எழுத்து மாறவில்லை! ஒரு முறை கற்றால் நெடுங்காலம் உதவும் கல்வி இது.

மணி தவறினால் என்ன?

"மணி பார்க்கச் சுவரில் கடிகாரம் இருக்கிறதே!" என்று சிலர் கேட்கலாம். சுவர்க் கடிகாரம் தவறினால் பஸ் தவறும். கம்ப்யூட்டர் கடிகாரம் தவறினால் பாங்கிக் கணக்கே திறக்காமல் போகும்.

காரணம் இதுதான். பாங்கியின் இணையப் பக்கத்துக்கு ஒரு சான்றிதழ் உண்டு. இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும் என்று அதில் குறித்திருக்கும். கம்ப்யூட்டர் அதைத் தன்னுடைய தேதியோடு ஒப்பிட்டுப் பார்க்கும். அதன் தேதி பல ஆண்டு பின்னால் இருந்தால், "இது செல்லாது" என்று கதவைச் சாத்திவிடும். பாங்கியின் மீது குற்றம் இல்லை. கடிகாரத்தின் மீதுதான் குற்றம்.

மேஜைக் கம்ப்யூட்டருக்குள் காசு அளவில் ஒரு சிறு பாட்டரி இருக்கிறது. மின்சாரம் இல்லாதபோதும் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது தீர்ந்துபோனால் தேதி பின்னுக்கு ஓடிவிடும். இது தெரியாதவர்கள் கம்ப்யூட்டரையே தூக்கிக்கொண்டு பழுது பார்க்க ஓடுகிறார்கள். தெரிந்தவர்கள் முதலில் 'டேட்' என்று அடித்துப் பார்க்கிறார்கள்.

வேறு பணிகளுக்கும் கட்டளைகள் உண்டு. விண்டோஸில் 'டாஸ்க்லிஸ்ட்' என்று அடித்தால், உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளின் பட்டியல் வரும். லினக்ஸில் 'அப்டைம்' என்று அடித்தால், இயந்திரம் எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்று தெரியும். 'டி, எப்' என்ற இரண்டு எழுத்து, எவ்வளவு இடம் மீதி இருக்கிறது என்று காட்டும்.

ஏமாற்றுக்காரர் வருகிறார்!

கட்டளை தெரியாதவர்களைத் தேடி மோசடிக்காரர்கள் வருகிறார்கள். போன் மணி அடிக்கிறது. "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்துவிட்டது. சொல்வதை அடியுங்கள்" என்கிறது ஒரு குரல்.

இவர்கள் கையாளும் பழைய தந்திரம் ஒன்று: ஏ, எஸ், எஸ், ஓ, சி என்று விண்டோஸில் அடிக்கச் சொல்கிறார்கள். நீண்ட பட்டியல் ஓடுகிறது. அதில் நீளமான ஓர் எண் வருகிறது. "இது உங்கள் கம்ப்யூட்டரின் எண். எங்களிடமும் இதே எண் இருக்கிறது பாருங்கள்" என்று ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக் காட்டுகிறார்கள். கேட்பவர் நம்பிவிடுகிறார். பிறகு பணம் கேட்கிறார்கள்!

உண்மை என்ன? கோப்புப் பெயரின் கடைசி எழுத்துகள் எந்த வகைக் கோப்பைக் குறிக்கும் என்று காட்டும் சாதாரணக் கட்டளை அது. அந்த எண் எல்லா விண்டோஸ் கம்ப்யூட்டரிலும் ஒன்றுதான். இது தெரிந்தவரிடம் மோசடிக்காரரின் பருப்பு வேகுமா?

படிக்காமல் பத்திரத்தில் கையெழுத்துப் போடக்கூடாது என்பது பெரியவர்கள் சொன்ன புத்தி. பொருள் தெரியாத கட்டளையை அடிக்கக்கூடாது என்பதும் அதே புத்திதான்.

விளையாட்டு அல்ல

கட்டளைக்கு வேகம் அதிகம்; இரக்கம் கிடையாது. லினக்ஸில் 'ஆர், எம்' என்ற இரண்டு எழுத்தும், விண்டோஸில் 'டெல்' என்ற சொல்லும் கோப்பை அழித்துவிடும். அழிந்தது குப்பைத் தொட்டியில் கூடக் கிடக்காது. ஆகவே முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளும் கட்டளைகளைக் கற்கவேண்டும். மாற்றும் கட்டளைகள் அடுத்த பாடம். அழிக்கும் கட்டளைகள் கடைசிப் பாடம்.

பள்ளியில் கம்ப்யூட்டர் கற்கும் பிள்ளைகள் படம் வரைவதோடு நின்றுவிடக்கூடாது. ஆசிரியர்கள் கட்டளைகளையும் பழக்கவேண்டும். பிள்ளை கற்றதை வீட்டில் அம்மாவுக்கும் தாத்தாவுக்கும் சொல்லிக் கொடுக்கவேண்டும். வாரத்துக்கு ஒரு கட்டளை போதும்.

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தைப் பார்த்து மிரளுவானேன்? அரிச்சுவடி எழுதிய சிலேட்டும் கறுப்புத்தானே! அதில் முதல் எழுத்தை எழுதியபோது கை நடுங்கியது. எழுதிப் பழகியதும் நடுக்கம் போயிற்று. இதுவும் அப்படித்தான் போகும்.