ஒரு விளக்கு போதும், நண்பர்களே!

நம் கல்லூரியில் கேமரா வைத்திருக்கும் நண்பர்கள் இப்போது நிறையப் பேர். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று ஞாயிற்றுக்கிழமைகளில் கைச்செலவுக்குச் சம்பாதித்துக்கொள்கிறார்கள். சந்தோஷம். ஆனால் அடுத்து அவர்கள் வாங்கத் துடிப்பது ஸ்டூடியோ ஸ்ட்ரோப் லைட். இரண்டு விளக்கு, இரண்டு ஸ்டாண்டு, இரண்டு சாப்ட் பாக்ஸ், பை சகிதமாக ஒரு 'செட்'. அதுவும் மாதத் தவணையில்! இது வேண்டாம் என்பதே என் கட்சி.

நான் பெரிய போட்டோகிராபர் கிடையாது. எலெக்ட்ரிக்கல் படிக்கிறேன், லீவு நாளில் ஒரு ஸ்டூடியோவில் லைட் பிடிக்கிறேன். என் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா சென்ட்ரிங் வேலை, அம்மா பூக் கட்டுகிறார். எங்களைப் போன்ற வீட்டில் தவணை என்றால் அது யார் முதுகில் ஏறும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே இந்த விஷயத்தைப் பாடப் புத்தகத்தோடு வைத்துப் பார்த்தேன்.

கடையில் 'முன்னூறு வாட்ஸ் தம்பி' என்பார்கள். ஸ்ட்ரோப்பின் வலுவை வாட்ஸில் சொல்வதே தப்பு. அது வாட்-செகண்ட், அதாவது ஜூல். கெபாசிட்டரில் சேர்த்து வைத்த சக்தி. அரை சி வி ஸ்கொயர், நாம் போட்ட கணக்குதான். 1100 மைக்ரோபாரட், 330 வோல்ட் என்று போட்டுப் பாருங்கள். ஏறக்குறைய 60 ஜூல் வரும். கேமரா தலையில் மாட்டும் பிளாஷ் சுமார் இந்த அளவுதான். அந்த 60 ஜூலையும் ஆயிரத்தில் ஒரு பங்கு செகண்டில் செனான் குழாய்க்குள் கொட்டினால், அந்த நேரத்துக்கு மட்டும் சராசரி 60,000 வாட்! நம்பவே முடியலை இல்லையா?

சரி, 200 ஜூலுக்குப் பதில் 400 ஜூல் வாங்கினால் என்ன லாபம்? ஒரே ஒரு ஸ்டாப். எஃப் 8-ல் எடுத்ததை எஃப் 11-ல் எடுக்கலாம், அவ்வளவுதான். ஐ.எஸ்.ஓ.வை 100-லிருந்து 200 ஆக்கினால் அதே பலன் காசில்லாமல் கிடைக்கிறது. விளக்கை 8 அடியிலிருந்து 4 அடிக்கு நகர்த்தினால் வெளிச்சம் நான்கு மடங்கு, இரண்டு ஸ்டாப். நம் வீட்டுப் பத்துக்குப் பத்து அறையில் வலு போதாமல் போவதைவிட அதிகமாகிப் போவதுதான் தொல்லை. அதனால் எவ்வளவு ஏற்றலாம் என்று கேட்பதோடு, எவ்வளவு இறக்கலாம் என்றும் கேளுங்கள். 64-ல் ஒரு பங்கு வரை இறங்கினால் நல்லது.

போன வருஷம் ஒரு விண்ணப்பத்துக்காக அம்மாவை ஒரு கடையில் படம் எடுத்தோம். நேர் எதிரே இடமும் வலமும் பளீரென்று இரண்டு விளக்கு, அப்புறம் கம்ப்யூட்டரில் ஒரு தட்டு. மாநிறம் போய் மாவு பூசிய முகம் வந்தது. "இது யாருடா?" என்றார் அம்மா. எனக்குக் கோபம் வந்தது, இன்னும் போகவில்லை. இரண்டு பக்கமும் சமமாக அடித்தால் மூக்கும் கன்னமும் தட்டையாகிவிடும். கறுத்த தோலுக்கு அழகே அதன் மினுமினுப்பு. பெரிய மெல்லிய வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தால் அது நெற்றியிலும் கன்ன எலும்பிலும் தானாக எழும்பி வரும். அதற்கு வேண்டியது ஒரு விளக்கு, ஒரு வெள்ளைக் குடை, மறுபக்கம் ஒரு தெர்மக்கோல் அட்டை. குடையை முகத்துக்கு எவ்வளவு கிட்டே கொண்டுபோகிறோமோ அவ்வளவு மென்மை. நம் ஜனங்களை நம் ஜனங்களாகவே காட்டத் தெரிந்த பிறகு இரண்டாவது விளக்கைப் பற்றி யோசிக்கலாம்.

பழைய பிளாஷ் கிடைத்தாலும் தள்ளிவிடாதீர்கள். ஆனால் மல்டிமீட்டரை எடுத்து ட்ரிக்கர் முனையை அளந்து பாருங்கள். சில பழைய பிளாஷில் 200 வோல்ட்டுக்கும் மேல் இருக்கும். டிஜிட்டல் கேமராவில் நேரே மாட்டினால் கேமரா காலி. சுவிட்சை அணைத்த பிறகும் கெபாசிட்டர் சார்ஜோடு இருக்கும். நாமதான் எலெக்ட்ரிக்கலாச்சே என்று திறந்து நோண்ட வேண்டாம். ஸ்ட்ரோப் வாங்குவதானால் போவன்ஸ் மவுன்ட் உள்ளதாகப் பாருங்கள். அந்த ஆங்கிலேயக் கம்பெனி 2017-ல் மூடப்பட்டுவிட்டது. ஆனால் அதன் மவுன்ட்டைப் பல கம்பெனிகள் இன்றும் வைக்கின்றன. ஒருவர் சாப்ட் பாக்ஸ் இன்னொருவருக்கு உதவும்.

ஒரு செய்தி தெரியுமா? இந்த ஸ்ட்ரோப்பைப் படக்கலைக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இருந்த ஹெரால்ட் எட்ஜர்டன். நம்மைப் போல எலெக்ட்ரிக்கல்காரர். ஓடும் மோட்டாரை நின்றதுபோல் பார்க்கத்தான் இதில் இறங்கினார். பால் துளி கிரீடம் போலத் தெறிக்கும் அவருடைய 1957 படம் உலகப் புகழ் பெற்றது.

ஆகவே மாணவர் மன்றத்துக்கு என் கோரிக்கை: ஆளாளுக்குக் கடன் படுவதற்குப் பதில், மன்றத்தின் பெயரில் 200 ஜூல் ஸ்ட்ரோப் ஒன்று, குடை ஒன்று, ஸ்டாண்டு ஒன்று வாங்கி லேப் ஸ்டோரில் வைக்கலாம். ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போட்டு எடுத்துப்போய்த் திங்கட்கிழமை திருப்பித் தரட்டும். முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கும், கேமரா வாங்க வழியில்லாத பெண்களுக்கும் முறை கிடைக்க வேண்டும். குழாய் உடைந்தால் யார் பொறுப்பு என்பதையும் அதே ரிஜிஸ்தரின் முதல் பக்கத்தில் எழுதிவிட்டால் பின்னால் சண்டை வராது.