நாய்க்கும் பூனைக்கும் நத்தார் பரிசு: வியாபாரிக்கு ஒரு பாடம்

டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் லண்டனிலும் நியூயோர்க்கிலும் கடைத்தெருக்கள் களைகட்டிவிடும். நத்தார் தாத்தா பரிசு போட்டுவிட்டுப் போவார் என்று பிள்ளைகளுக்காகக் காலுறை தொங்கவிடுவது அங்குள்ள பழைய வழக்கம். இப்போது பல வீடுகளில் அந்த வரிசையில் இன்னுமொரு காலுறையும் தொங்குகிறது. அது வீட்டு நாய்க்குரியது, அல்லது பூனைக்குரியது. எலும்பு வடிவ பிஸ்கட், கடித்து விளையாட இறப்பர் பொம்மை, குளிருக்குக் கம்பளிச் சட்டை என்று அதற்குள் போகும் சாமான்கள் பலவிதம். நத்தாருக்கு முந்திய 24 நாட்களும் நாளுக்கொன்றாகத் திறந்து தின்னக் கொடுக்கும் நாட்காட்டிப் பெட்டிகள்கூட நாய்க்கென்றே விற்பனையாகின்றன.

புறக்கோட்டையில் கடை வைத்திருக்கும் எம்மவர் ஒருவரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார். "காசு கூடிப்போனால் இப்படித்தான்" என்பார். சிரிப்பதில் தவறில்லை. ஆனால், வியாபாரி சிரித்துவிட்டு அந்த இடத்திலேயே நின்றுவிடக் கூடாது. ஒருவர் ஒரு சாமானை ஏன் வாங்குகிறார் என்ற கேள்விதானே வியாபாரத்தின் ஆணிவேர்?

நாய்க்கு நத்தார் என்றால் என்னவென்று தெரியாது. பரிசுத் தாளில் சுற்றிக் கொடுத்தாலும் சும்மா கொடுத்தாலும் அதற்கு ஒன்றுதான். அப்படியானால் அந்தத் தாளும் நாடாவும் மணியும் யாருக்காக? வாங்குபவருக்காக. பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போய்விட்ட வீட்டில், தனியே வாழும் முதியவருக்கு வாசலில் வந்து வாலாட்டும் ஒரு ஜீவன்தான் துணை. அதை வீட்டில் ஒருவராகவே அவர் எண்ணுகிறார். வீட்டில் ஒருவருக்குப் பரிசு இல்லாமல் பெருநாளா? இந்த உணர்வுக்குத்தான் அவர் பணம் கொடுக்கிறார்.

சந்தை சிறியதல்ல

அமெரிக்க செல்லப்பிராணிப் பொருட்கள் சங்கத்தின் கணக்குப்படி, அந்நாட்டு மக்கள் செல்லப்பிராணிகளுக்காக 1994இல் செலவிட்டது 17 பில்லியன் டொலர். 2024இல் அது ஏறத்தாழ 152 பில்லியன் டொலர். உணவு, வைத்தியம், மருந்து எல்லாம் இதில் அடங்கும். இதைவிடக் கவனிக்க வேண்டியது வேறொன்று. 2008இல் அமெரிக்காவில் வங்கிகள் சரிந்து, மக்கள் வீடுகளையும் வேலைகளையும் இழந்தனர். அந்த நெருக்கடியிலும் இந்தச் செலவு குறையவில்லை. 2007இல் 41 பில்லியனாக இருந்தது, 2009இல் 45 பில்லியனைத் தாண்டியது. மனிதன் தன் செலவைக் குறைத்துக்கொண்டாலும் தன்னை நம்பியிருப்பவரின் செலவைக் குறைக்கத் தயங்குகிறான் என்பதே இதன் பொருள்.

இந்த வியாபாரத்தைத் தொடங்கியவர்களின் கதையும் எமக்குப் பயன்படும். 1860ஆம் ஆண்டளவில் இங்கிலாந்து வந்த ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர், மாலுமிகள் வீசிய காய்ந்த பிஸ்கட்டைத் துறைமுகத்து நாய்கள் தின்பதைக் கண்டார் என்று சொல்லப்படுகிறது. அதிலிருந்துதான் நாய் பிஸ்கட் வியாபாரம் பிறந்தது. வீட்டு மிச்சத்தைத் தின்றுவந்த பிராணிக்குத் தனி உணவு என்பது அன்று புதுமை. அதை அவர் வேட்டை நாய் வளர்த்த செல்வந்தர்களைக் குறிவைத்தே விற்றார்.

மற்றவர் அமெரிக்காவின் கொலராடோவைச் சேர்ந்த ஜோ மார்க்கம். அவருடைய ஜேர்மன் ஷெப்பேர்ட் நாய் கற்களைக் கடித்துப் பற்களைக் கெடுத்துக்கொண்டிருந்தது. வொக்ஸ்வாகன் வாகனமொன்றைத் திருத்திக்கொண்டிருந்தபோது அவர் கழற்றிப் போட்ட இறப்பர் துண்டொன்றை நாய் விடாமல் கடித்தது. அந்த வடிவத்தையே பொம்மையாக்கி 1976இல் 'கொங்' என்ற பெயரில் கம்பனி தொடங்கினார். இன்று நத்தார் காலுறைகளில் இடம்பிடிக்கும் பொம்மைகளில் அதுவும் ஒன்று. அதன் மூலப்பொருள் இயற்கை இறப்பர். எமது கம்பஹா, ஹெனரத்கொட பூங்காவில் 1876இல் நடப்பட்ட அதே மரத்தின் பால். தாய்லாந்தைப் பாருங்கள். மனிதருக்கு டின்மீன் செய்யும்போது ஒதுக்கப்படும் கரிய சதையைப் பூனை உணவாக்கி, உலகின் பெரிய ஏற்றுமதியாளர்களில் ஒன்றாகிவிட்டது. இறப்பரும் தும்பும் கடல் மீனும் உள்ள எமது நாட்டுக்கும் இதில் இடமில்லை என்று சொல்ல முடியாது.

முறையிட முடியாத வாடிக்கையாளர்

ஆனால் இக்கட்டுரையின் நோக்கம் புதிய சந்தையைக் காட்டுவது மட்டுமல்ல. இந்த வியாபாரத்தில் ஒரு விசேடம் உண்டு. பணம் கொடுப்பவர் ஒருவர், பாவிப்பவர் வேறொருவர். பாவிப்பவருக்கு வாய் இல்லை. ருசி கெட்டிருந்தால் திருப்பித் தர வரமாட்டார். வயிறு வலித்தால் சொல்லமாட்டார். வாங்குபவரோ பொதியின் படத்தையும் விற்பவரின் பேச்சையும் மட்டுமே நம்புகிறார்.

இந்த நம்பிக்கையை உடைத்தால் என்ன நடக்கும்? 2007 மார்ச்சில் வட அமெரிக்காவில் பூனைகளும் நாய்களும் சிறுநீரகம் செயலிழந்து இறக்கத் தொடங்கின. கனடாவின் மெனு ஃபூட்ஸ் கம்பனி 6 கோடி வரையான டின்களையும் பொதிகளையும் சந்தையிலிருந்து மீளப் பெற்றது. விலை கூடியதும் குறைந்ததுமாகப் பல பெயர்களில் விற்ற உணவு, ஒரே கம்பனியின் தயாரிப்பு என்பது பலருக்கும் அப்போதுதான் தெரியவந்தது. சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமைன் என்ற இரசாயனம் கலந்திருந்தது. பரிசோதனையில் புரதம் கூடுதலாகக் காட்ட வேண்டும் என்பதற்காகச் செய்த கலப்படம் அது. அப்புரதத்தை இறக்குமதி செய்த அமெரிக்கக் கம்பனியும் அதன் உரிமையாளர்களும் 2009இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டனர்.

கதை அத்துடன் முடியவில்லை. அடுத்த ஆண்டு, 2008இல், அதே மெலமைன் சீனாவின் குழந்தைப் பால்மாவில் இருந்தது. சுமார் மூன்று இலட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டனர். ஆறு குழந்தைகள் இறந்தன. வாய் பேசாத பிராணியின் உணவில் கண்டதைச் சிறு விடயமாக எண்ணியிருந்தால், வாய் பேசாத குழந்தையின் உணவிலும் அதுவே நடந்ததைக் கண்டு உலகம் திடுக்கிட்டது.

நத்தார் பரிசிலும் இந்த ஆபத்து உண்டு. சொக்கலேட்டும் முந்திரிகை வற்றலும் நாய்க்கு நஞ்சு. மரத்தில் தொங்கும் ஜரிகை நாடாவைப் பூனை விழுங்கினால் குடலில் சிக்கி உயிரையே பறிக்கலாம். நாய்க்குட்டியையே பரிசாகக் கொடுத்துவிட்டு ஜனவரியில் தெருவில் விடுவதைக் கண்டித்து, பிரித்தானிய நாய்கள் நலச் சங்கமொன்று 1978 முதல் பிரசாரம் செய்துவருகிறது. மோசமான பண்ணைகளில் குட்டிகளை ஈனவைத்து இடைத்தரகர் மூலம் விற்றதன் விளைவு என்ன? 2020 ஏப்ரலில் இங்கிலாந்தில் ஆறு மாதத்துக்குட்பட்ட நாய், பூனைக் குட்டிகளைக் கடைகளும் தரகர்களும் விற்பதே சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. தானாகத் திருந்தாத வியாபாரத்தைச் சட்டம் வந்து மூடியது.

மாறாக, 2011இல் தொடங்கிய அமெரிக்காவின் 'ச்சூவி' கம்பனியைப் பாருங்கள். நாய் இறந்துவிட்டது என்று வாடிக்கையாளர் அறிவித்தால், மீதமான உணவின் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, அந்த உணவைக் காப்பகத்துக்குக் கொடுக்கச் சொல்லி, பூங்கொத்தும் அனுப்புவதாகப் பலர் எழுதியிருக்கிறார்கள். ஆறே ஆண்டில் அக்கம்பனியை மூன்று பில்லியன் டொலருக்கு மேல் கொடுத்து இன்னொரு கம்பனி வாங்கியது. உணர்வை விற்பவர் உணர்வை மதிக்கவும் வேண்டும்.

எமது கடைகளுக்கு

தாகித்த நாய்க்குத் தண்ணீர் புகட்டியவர் மன்னிக்கப்பட்டதையும், பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்டவள் தண்டிக்கப்பட்டதையும் மத்ரஸாவில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வாயில்லா ஜீவனின் உரிமை எமக்குப் புதிய பாடமல்ல. இத்துறையில் இறங்க விரும்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உலர்த்திய பன்றிக் காது மேற்கில் சாதாரண நாய்த் தீனி. சேர்மானப் பட்டியலை வாசிக்காமல் ஓடர் கொடுக்க வேண்டாம். மார்க்க விடயத்தில் உலமாக்களிடம் தெளிவு பெறுவதும் அவசியம்.

நாய்ச் சாமானே விற்காதவருக்கும் இதில் பாடம் இருக்கிறது. எமது கடைகளிலும் வாய் பேசாத வாடிக்கையாளர் பலர். தாய் வாங்கிப்போகும் பால்மாவைக் குடிப்பது கைக்குழந்தை. பெருநாளைக்குத் தந்தை வாங்கும் விளையாட்டுச் சாமானைக் கடிப்பது மூன்று வயதுப் பிள்ளை. மகன் வாங்கும் மருந்தை விழுங்குவது கண் தெரியாத உம்மா. இவர்கள் எவரும் பில்லோடு திரும்பி வந்து எம்மிடம் சண்டை பிடிக்கப்போவதில்லை. திகதி கடந்த பால்மா, வர்ணம் உரியும் பொம்மை, பெயர் மாற்றிய பொதி என்பவை இலாபம் தருவது அதனால்தான். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை எல்லாக் கடைக்கும் எல்லா நாளும் வரப்போவதுமில்லை.

ஆகவே, அடுத்த முறை யாராவது நாய்க்கு நத்தார் பரிசு வாங்கிய செய்தியைப் படித்தால் சிரித்துக்கொள்ளுங்கள். அப்படியே எழுந்து, உங்கள் கடையின் பின்தட்டில் இருக்கும் பொதிகளின் திகதியையும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.