தேறுவாரா?

“ஆள் எப்படி?”

“நல்லவர். இருபதாண்டுக் காலம் கொடி பிடித்தவர், சிறை கண்டவர், சில்லறை கேட்காதவர்.”

“அது கிடக்கட்டும் ஐயா, தேறுவாரா?”

இந்த மூன்றாவது கேள்வி பிறந்தவுடன் நல்லவர் நழுவி விடுகிறார்; உழைப்பு ஒதுங்கி விடுகிறது; கொள்கை மூலையில் குந்தவைக்கப்படுகிறது. சூசுவாடிச் சாவடியை அடுத்த தேநீர்க் கடையிலும் இதே பேச்சு. கிருஷ்ணகிரியின் கட்சி மன்றத் திண்ணையிலும் இதே பேச்சு. கடல் கடந்த அமெரிக்காவிலும் இதே பேச்சுத்தான். அங்கே அதற்கென்றே ஒரு தேர்தல் வைத்திருக்கிறார்கள். குடியரசுத் தலைவர் பதவிக்குத் தம் கட்சியின் சார்பில் யார் நிற்பது என்பதை, மாநிலம் மாநிலமாக, கட்சியின் வாக்காளரே வாக்களித்துத் தீர்க்கும் முதல்நிலைத் தேர்தல். தேர்தலுக்கு முன் ஒரு தேர்தல். போருக்கு முன் ஒரு போர்!

அந்தப் போரில் 1960ஆம் ஆண்டு நடந்ததை நாம் மறந்துவிடக் கூடாது. ஜான் கென்னடி கத்தோலிக்கர். “கத்தோலிக்கர் தேறமாட்டார், 1928இல் ஆல் ஸ்மித் தோற்றாரே, அது போதாதா?” என்று கட்சியின் பெரிய தலைகள் எல்லாம் கணக்குச் சொல்லின. புராட்டஸ்டண்டு மக்கள் நிறைந்த மேற்கு வர்ஜீனியாவுக்குப் போனார் கென்னடி. சுரங்கத் தொழிலாளரிடம் கைகுலுக்கினார். தம் மதத்தைப் பற்றிய ஐயத்தை மறைக்காமல் மேடையிலேயே எடுத்துப் பேசினார். அந்த மே திங்களில் ஹம்ப்ரி தோற்றார், கென்னடி வென்றார். தேறாதவர் என்று முத்திரை குத்தப்பட்டவர் அடுத்த சனவரியில் வெள்ளை மாளிகையில் இருந்தார். 2016இல் டிரம்ப் தேறவே மாட்டார் என்றார்கள், தேறினார். அவர் தேறியது உலகுக்கு நல்லதா என்பது வேறு வழக்கு!

2020இல் அதே தேறும் கணக்கு, அயோவாவிலும் நியூ ஹாம்ப்ஷயரிலும் அடிபட்டுக் கிடந்த பைடனை, தெற்குக் கரோலினாவின் கறுப்பின மக்கள் வாக்கால் தூக்கி நிறுத்தியது. ஆனால் 2024இல்? முதல்நிலைத் தேர்தல் வெறும் சடங்காக முடிந்தது. எதிர்த்து நிற்கத் தக்கவர் எவரும் நிற்கவில்லை. சூலை 21ஆம் நாள் முதியவர் விலகினார். கமலா ஹாரிசைப் பேராளர்கள் தேர்ந்தெடுத்தார்கள். வாக்காளர் தேர்ந்தெடுக்க நேரமில்லை. நவம்பரில் தோல்வி. அந்தத் தோல்விக்குக் காரணம் பல உண்டு. விலைவாசி உண்டு, இன்னும் எத்தனையோ உண்டு. ஆனால் “யார் தேறுவார்” என்ற கேள்வியை வாக்காளரிடம் கேட்க வேண்டிய வேளையில் கேட்காமல் விட்டார்கள் என்பதும் அவற்றுள் ஒன்று என்றே நாம் கருதுகிறோம்.

இனி நம் எல்லைக்கு வருவோம். இங்கே முதல்நிலைத் தேர்தல் இல்லை. காங்கிரசார் 2014இல் வடக்கே சில தொகுதிகளில் அப்படியொன்றை வைத்துப் பார்த்துவிட்டு மறந்து போனார்கள். நம்மிடம் இருப்பது விருப்ப மனு, கட்டணம், நேர்காணல். உள்ளே என்ன கேட்டார்கள் என்று வெளியே வரும் நண்பரைக் கேட்டுப் பாருங்கள். சாதி கேட்டார்களாம், செலவுக்கு வழி கேட்டார்களாம்! சட்டமன்ற வேட்பாளர் 40 லட்ச ரூபாய்க்கு மேல் செலவிடக் கூடாது என்று 2022இல் உச்சவரம்பு திருத்தப்பட்டிருக்கிறது. ஆனால் தேநீர்க் கடைக் கணக்கிலே 40 லட்சம் என்றால் சிரிக்கிறார்கள். கனதனவான்கள் தேறுவார்கள், கஞ்சி குடிப்பவன் தேறமாட்டான். இதுதான் அந்தக் கணக்கின் சாரம்.

இந்தக் கணக்கை இந்த மண் எத்தனை முறை கிழித்தெறிந்திருக்கிறது!

ஓசூரை அடுத்த தொரப்பள்ளி, இராசாசி பிறந்த ஊர். அவருடைய மகன் நரசிம்மன் கிருஷ்ணகிரியின் நாடாளுமன்ற உறுப்பினராக வீற்றிருந்தார். கவர்னர் ஜெனரலாக இருந்தவரின் திருமகன், காங்கிரசின் வேட்பாளர். அவர் தேறாமல் வேறு யார் தேறுவார்? 1962இல் கழகத்தின் இராசாராம் எதிர்த்து நின்றார், வென்றார். அதே ஆண்டு காஞ்சியில் அண்ணா தோற்றார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தேறுவதில் ஐயமே இல்லை என்று நாடே நம்பியவர் தோற்றார். தேறுவது ஐயம் என்று கருதப்பட்டவர் வென்றார். 

பர்கூரைக் கேளுங்கள். 1991இல் செயலலிதா அங்கே வென்று முதலமைச்சரானார். 1996இல் அதே பர்கூரில் முதலமைச்சராகவே நின்றார். படை, பரிவாரம், பதவி, பட்டாளம் எல்லாம் அவர் பக்கம். எதிரே கழகத்தின் சுகவனம். மாநிலமெங்கும் பேசப்பட்ட பெயரல்ல அது. “பலிகடா” என்று நண்பர்களே இரக்கப்பட்டிருப்பார்கள். பெட்டி திறந்தபோது 8,366 வாக்குகளில் முதலமைச்சர் தோற்றிருந்தார். அந்த முடிவை எந்த நேர்காணல் முன்கூட்டிச் சொல்லியிருக்கும்?

ஆனால் நாம் நீளப் பேச வேண்டியது ஓசூரைப் பற்றி.

1967! நாடெங்கும் உதயசூரியன். விருதுநகரில் மாணவர் தலைவர் சீனிவாசன் காமராசரையே 1,285 வாக்குகளில் வென்ற ஆண்டு. ஓசூரில் அந்த ஆண்டு வென்றது தோழமைக் கட்சியான சுதந்திராக் கட்சியின் வெங்கடசாமி. அதற்குப் பின் காங்கிரசு, சனதா தளம், மீண்டும் காங்கிரசு. 2016இல் பாலகிருஷ்ண ரெட்டி அ.தி.மு.க. சார்பில் வெல்லும் வரை, திராவிட இயக்கத்தின் எந்தக் கொடியும் அந்தத் தொகுதியில் ஏறவில்லை. 2006, 2011, 2016 மூன்று தேர்தலிலும் கழகக் கூட்டணி ஓசூரைக் காங்கிரசுக்கே தந்தது. ஏன்? “அது எல்லைப்புறம்; தெலுங்கு பேசுவோர், கன்னடம் பேசுவோர், உருது பேசுவோர் கலந்து வாழும் ஊர்; நம் கொடி அங்கே தேறாது.” எதிரி சொன்ன சொல்லல்ல இது, நாமே நம்மைப் பற்றிச் சொல்லிக் கொண்டது!

2019 சனவரியில் ஒரு பழைய வழக்கில் விசாரணை நீதிமன்றம் அளித்த தீர்ப்பால் அமைச்சர் பாலகிருஷ்ண ரெட்டி பதவி இழந்தார். ஏப்ரலில் இடைத்தேர்தல். அப்போதுதான் கழகம் சத்யாவை நிறுத்தியது. 23 ஆயிரம் வாக்குகளுக்கு மேல் வேறுபாட்டில் வெற்றி. தேறாத மண்ணில் ஒரே பாய்ச்சலில் தேறியது சூரியன். மண் மாறிவிட்டதா? ஓரளவு மாறியதுதான். அசோக் லேலண்டு வந்தது, டி.வி.எஸ். வந்தது, டைட்டன் வந்தது. தருமபுரியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் சேலத்திலிருந்தும் இளைஞர் கூட்டம் வந்தது. ஆனால் அந்த ஆலைகள் வந்து நாற்பதாண்டு ஆயிற்று! மண் மாறியது மெல்ல. மண்ணைப் பற்றிய நம் கணக்கு மாறியது மிக மிக மெல்ல.

2021இல் இன்னொரு வேடிக்கை. வென்ற சத்யாவுக்கு இடமில்லை. தளியின் உறுப்பினராக இருந்த பிரகாசை ஓசூருக்கு நகர்த்தினார்கள். தளியை இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சிக்குத் தந்தார்கள். பிரகாசும் 12,367 வாக்குகளில் வென்றார். சத்யா 2022இல் ஓசூர் மாநகரின் முதல் மேயரானார். அப்படியானால் தேறியது ஆளா, அணியா? இரண்டும் என்று தந்திரமாகச் சொல்லலாம். தளியோ வேறு பாடம் சொல்கிறது: அங்கே இராமச்சந்திரன் 2006இல் தனித்து நின்றே வென்றவர், 2011இல் கட்சிச் சின்னத்தில் வென்றார், 2021இலும் வென்றார். மலைக்கிராமத்து மக்களுக்கு ஆளைத் தெரியும்.

மொழியைக் காட்டி மிரட்டுவோருக்கு ஒரு சொல். 2024இல் கிருஷ்ணகிரியில் கூட்டணியின் கோபிநாத் 1 லட்சத்து 92 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் வென்று, நாடாளுமன்றத்தில் தெலுங்கில் உறுதிமொழி ஏற்றார். சிலர் முகம் சுளித்தனர். நாம் சுளிக்கவில்லை. நாம் எதிர்த்தது திணிக்கப்படும் மொழியை. பக்கத்து வீட்டுத் தாய்மொழியை எந்நாளும் எதிர்த்ததில்லை. ஆனால் இதையே தலைகீழாக்கி, “இன்ன மொழி பேசுபவர்தான் இங்கே தேறுவார், இன்ன சாதிதான் இங்கே எடுபடும்” என்று நேர்காணல் மேசையில் கோடு கிழித்தால், அது பெரியார் துடைக்கச் சொன்ன கோட்டை நாமே வரைந்து கொள்வதாகும்.

பெண்களைப் பற்றி எவரும் கேட்கக் காணோம். ஓசூர்ப் பக்கம் காலை வேளையில் ஆலைப் பேருந்துகளைப் பாருங்கள். மின்னணு ஆலைகளுக்குப் போகும் பேருந்துகளில் பெண்கள், பெண்கள், பெண்கள். 1957 முதல் 2021 வரை ஓசூர் அனுப்பிய சட்டமன்ற உறுப்பினர்களில் ஒரே ஒரு பெண்ணாவது உண்டா? இல்லை. 2019இலும் 2021இலும் பெரிய கட்சியொன்று பெண்ணை நிறுத்தியது. முன்னாள் அமைச்சரின் துணைவியார் அவர். கைக்கடிகாரம் பூட்டும் கைக்கும் கைப்பேசி பூட்டும் கைக்கும் தேறும் தகுதி இல்லையென்று எந்தத் தராசு சொன்னது?

இன்னொன்று. அந்த ஆலைகளில் ஒப்பந்தத் தொழிலாளராய் உழைப்போரில் எத்தனையோ பேருக்கு வாக்கு இங்கே இல்லை, பிறந்த ஊரில் இருக்கிறது. இங்கே வாடகை கொடுக்கிறான், இங்கே தண்ணீருக்கு வரிசையில் நிற்கிறான். வாக்களிக்க வண்டி ஏறிப் போகிறான், அல்லது போகாமல் இருந்து விடுகிறான். வாக்கில்லாதவனை எந்த வேட்பாளர் தேடிப் போவார்? அவனுடைய பெயரை இங்கே பட்டியலில் சேர்க்க அலைகிறவர் எவரோ, அவரே நம் கணக்கில் தேறக் கூடியவர். அந்த அலைச்சல் மனுக்கட்டணம் கட்டும் நாளில் தொடங்கினால் பயனில்லை. ஓராண்டு முன்னே தொடங்க வேண்டும்.

ஆகவே நாம் கேட்பது பெரிதல்ல. அமெரிக்க முறையை அப்படியே இறக்குமதி செய்யச் சொல்லவில்லை. அங்கும் பணமூட்டைகளின் ஆட்டம் உண்டு. தொகுதிக்குத் தொகுதி, கிளைச் செயலாளர்களையும் ஆலைச் சங்கத்துத் தோழர்களையும் மகளிரணியினரையும் ஓர் அறையில் அமர்த்தி, மறைவு வாக்கில் மூன்று பெயர்களை எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த மூன்றில் ஒன்றைத் தலைமை எடுக்கட்டும். தலைமையின் உரிமை போகாது; தொண்டனின் காதுக்கு மட்டும் வந்த உண்மை தலைமையின் காதுக்கும் போகும். கூட்டணிக்குத் தரும் தொகுதியிலும் இதைச் செய்யலாம்; தோழமைக் கட்சி கேட்டால் பெயர் சொல்லலாம், கேட்காவிட்டால் குறித்தாவது வைக்கலாம்.

“நடக்கிற காரியமா?” என்பார்கள். 2021இல் கிருஷ்ணகிரித் தொகுதியில் கழகத்தின் செங்குட்டுவன், அதுவரை உறுப்பினராக இருந்தவர், அசோக்குமாரிடம் தோற்றார். எத்தனை வாக்கில்? 794! ஒரே ஒரு வாக்குச் சாவடியின் பட்டியலுக்குள் அடங்கிவிடும் தொகை. அந்த ஒரு சாவடியின் கிளைச் செயலாளரை அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் யாராவது அழைத்து, “உன் தெருவில் என்ன பேசுகிறார்கள் தம்பி?” என்று கேட்டார்களா?