சந்தேகமும் சான்றும்

சிறு முதலில் எடுக்கப்பட்ட பழைய துப்பறியும் படங்களைக் கற்றோர் நெடுங்காலம் ஒரு பொருட்டாக மதித்ததில்லை. வெறும் பொழுதுபோக்கு என்று சொல்லி ஒதுக்கிவிடுவதே வழக்கம். ஆயினும் இலட்சங்களைக் கொட்டி எடுத்த எத்தனையோ சரித்திரப் படங்களின் பெயரும் மறந்துபோன பின்னர், சில அறைகளையும் ஒரு மேசை விளக்கையும் ஒரு துப்பாக்கியையும் வைத்துக்கொண்டு எடுத்த மர்மப் படத்தை மக்கள் மீண்டும் விரும்பிப் பார்க்கின்றனர். இந்த ஈர்ப்பின் காரணத்தை ஆராய்தல் இலக்கிய அன்பர்க்குத் தகாத காரியமன்று.

முதற்காரணம் வறுமையே. அமெரிக்காவில் மோனோகிராம் என்னும் சிறு நிறுவனம் 1940களில் சார்லி சான் படங்களை எடுத்தது. இங்கிலாந்தில் மெர்ட்டன் பார்க் படப்பிடிப்பு நிலையம் 1960 முதல் எட்கார் வாலஸ் கதைகளைச் சிறு படங்களாக எடுத்து வெளியிட்டது. மாளிகை கட்ட வசதியில்லாதவர்கள் மாளிகையின் நிழலைக் காட்டினார்கள். கூட்டத்தைச் சேர்க்க முடியாதவர்கள் படிக்கட்டில் ஏறும் ஒருவனின் காலடி ஓசையைக் கேட்கச் செய்தார்கள். எஞ்சியதைக் காண்போரே தம் உள்ளத்தில் நிரப்பிக்கொள்ள வேண்டியதாயிற்று. செல்வச் செழிப்புள்ள படம் நம்மைப் பார்வையாளராக மட்டும் இருத்துகிறது. ஏழைப் படமோ நம்மையும் துப்பறிய அழைக்கிறது.

தமிழில் இந்தச் சுவையை முதலில் வளர்த்தவை நாவல்களே. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகியோரின் நூல்களைப் பண்டிதர் பழித்தனர். மக்களோ இரவல் வாங்கியும் படித்தனர். ரங்கராஜுவின் ‘இராஜாம்பாள்’ 1935இலும் 1951இலும் படமாயிற்று. வடுவூராரின் ‘திகம்பர சாமியார்’ 1950இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் படமாக வந்தபோது, எம். என். நம்பியார் மாறுவேடங்கள் பல புனைந்து அதில் நடித்தார். அதே நிறுவனம் 1966இல் ஜெய்சங்கரைக் கொண்டு ‘வல்லவன் ஒருவன்’ எடுத்தது.

இவ்வரிசையில் தனித்து நிற்பது 1954இல் ஏவி. எம். வெளியிட்ட ‘அந்த நாள்’. இயக்கியவர் வீணை வித்துவான் எஸ். பாலச்சந்தர். பாட்டில்லை, நடனமில்லை, சண்டையில்லை. ஆகவே பெருஞ்செலவுக்கும் இடமில்லை. 1943இல் ஜப்பானியர் சென்னையில் குண்டு வீசியதற்கு மறுநாள், சிவாஜி கணேசன் ஏற்ற ராஜன் என்னும் வானொலி எஞ்சினியர் சுடப்பட்டு இறந்து கிடக்கிறார். ஜாவர் சீதாராமன் நடித்த துப்பறியும் அதிகாரி, மனைவி, தம்பி, தம்பி மனைவி, அயலவர் எனச் சந்தேகத்துக்குரிய ஒவ்வொருவரையும் விசாரிக்கிறார். ஜப்பானியக் கலைஞர் குரோசாவாவின் ‘ரஷோமான்’ காட்டிய வழியில், ஒவ்வொருவர் வாக்கிலும் அந்த மரணம் வேறொரு வடிவம் கொள்கிறது. முடிவை நாம் இங்கே வெளியிடப்போவதில்லை. பாட்டில்லாத படத்தை அன்றைய இரசிகர் பெருவாரியாக ஏற்கவில்லை. காலம் அதன் பெருமையை மெல்ல நிலைநாட்டியது.

மலையக வாசகர்க்கு இவ்வகைப் படங்கள் வேறொரு பொருளையும் தருகின்றன. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் அவர்களிடம் சான்று கேட்டது. 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முன்னர், மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் இடையறாது இந்நாட்டில் வாழ்ந்தமையை நிறுவ வேண்டும் என்றது. பிறந்த திகதியே ஏட்டில் ஏறாத மனிதர் எந்தக் கடதாசியைக் காட்டுவார்? 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டது. 2003இலும் குடியுரிமை பற்றிய சட்டம் ஒன்று வரவேண்டியதாயிற்று.

எல்ல, தெமோதரை, பண்டாரவளைத் தோட்டங்களில் விசாரணை என்றால் துரையும் கணக்கப்பிள்ளையும் கேட்பதும், தொழிலாளி தலைகுனிந்து பதில் சொல்வதும் என்றே பல தலைமுறைகள் அறிந்திருந்தன. நல்ல துப்பறியும் படமோ விசாரணையின் வேறொரு முறையைக் காட்டுகிறது. அங்கே அதிகாரி ஒவ்வொருவர் சொல்லையும் கேட்கிறான், கேட்டதைச் சோதிக்கிறான், சோதித்த பின்னரே முடிவு சொல்கிறான். சந்தேகிப்பவனே தன் சந்தேகத்துக்குச் சான்று காட்டக் கடமைப்பட்டவன் என்னும் நீதி அதன் அடிநாதம். தம்மிடமே எந்நாளும் சான்று கேட்கப்பட்ட மக்கள் இந்த நீதியின் அருமையை நன்கு உணர்வார்கள்.

இவ்வகைப் படங்கள் எல்லாம் இந்த நெறியில் நின்றன என்று நாம் சொல்ல வரவில்லை. தற்செயல் நிகழ்ச்சியால் முடிச்சை அவிழ்க்கும் சோம்பல் பலவற்றில் உண்டு. அயலானையும் வேலைக்காரனையும் கண்டவுடன் குற்றவாளியாக எண்ணவைக்கும் மலிவான தந்திரமும் உண்டு. சீனத் துப்பறிவாளர் சார்லி சானாகவே சீனரல்லாதவர்தாம் நடித்து வந்தனர். முகத்தையும் பேச்சையும் கொண்டு குற்றம் சுமத்தும் படம் நமக்கு வேண்டியதன்று. அதே பழக்கத்தைப் பொய்யாக்கிக் காட்டும் படமே வேண்டும்.

நல்லவற்றைக் காப்பதும் நம் கடமை. தமிழின் முதற் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931இல் வந்தது. இன்று அதன் பிரதி இல்லை. 1983 ஜூலையில் கே. குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா படப்பிடிப்பு நிலையம் எரிக்கப்பட்டபோது, இந்நாட்டுப் படச்சுருள்களும் அதனுடன் சாம்பலாயின.

ஊவாவின் ஆசிரியர்க்கும் இலக்கிய வட்டத்தார்க்கும் நாம் விடுக்கும் வேண்டுகோள் இதுவே: பாடசாலைத் தமிழ் மன்றத்தில் ஒரு மாலை ‘அந்த நாள்’ படத்தைத் திரையிடுங்கள். இறுதிக் காட்சிகளுக்கு முன் நிறுத்தி, குற்றவாளி யார், அதற்குச் சான்று என்ன என்று மாணவர் ஒவ்வொருவரையும் எழுதச் சொல்லுங்கள். பெயரை மட்டும் எழுதியவர்க்கு மதிப்பெண் வேண்டாம். காரணத்தைக் கோவையாக எழுதியவர், பெயரில் தவறியிருப்பினும், பாராட்டுக்குரியவரே. எஞ்சிய காட்சிகளை அதன் பின்னர் காட்டலாம்.