‘ஆஃப்டர்’ எந்த வகை?

2016 மே மாதம். இங்கிலாந்தில் பத்து, பதினோரு வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளித் தேர்வு நடந்த சமயம். அதில் இலக்கணத்துக்கென்றே ஒரு தாள். பள்ளிகள் துறை அமைச்சர் நிக் கிப்பிடம் பிபிசி வானொலியில் ஒரு கேள்வி போட்டார்கள்: சாப்பிட்ட பிறகு சினிமாவுக்குப் போனேன் என்று பொருள்படும் ஆங்கில வாக்கியத்தில் ‘ஆஃப்டர்’ கன்ஜங்ஷனா, ப்ரெபொசிஷனா? ப்ரெபொசிஷன் என்றார் அமைச்சர். இல்லை, கன்ஜங்ஷன் என்று திருத்தினார் பேட்டி கண்டவர். பத்திரிகைகளுக்குக் கேட்க வேண்டுமா, அமைச்சர் மாட்டிக்கொண்டார்.

விடைக்குறிப்பின்படி அவர் சொன்னது தவறுதான். இலக்கணத்தின்படி அப்படிச் சொல்லிவிட முடியாது.

டென்மார்க்கின் மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பர்சன் 1924இலேயே இந்த வழக்கை எடுத்துப் பேசிவிட்டார். ‘பிஃபோர் லஞ்ச்’ என்றால் ப்ரெபொசிஷன், ‘பிஃபோர் ஹி லெஃப்ட்’ என்றால் கன்ஜங்ஷன், வாக்கியக் கடைசியில் ‘பிஃபோர்’ தனியே நின்றால் அட்வெர்ப் என்று பாடநூல் பிரிக்கிறது. மூன்றிலும் பொருள் ஒன்றே. பின்னால் வருவதுதான் வேறு. வினைச்சொல்லுக்கு இப்படி நாம் செய்வதில்லை. ‘ஐ நோ’ என்று அது தனியே நிற்கும். ‘ஐ நோ ஹிம்’ என்று ஒரு பெயரைக் கூட்டிவரும். ‘ஐ நோ ஹி லெஃப்ட்’ என்று ஒரு முழு வாக்கியத்தையே இழுத்துவரும். எப்படி வந்தாலும் ‘நோ’ வெர்ப்தான். வெர்ப்புக்கு ஒரு நியாயம், பிஃபோருக்கு ஒரு நியாயம் ஏன்? ஹட்ல்ஸ்டனும் புல்லமும் 2002இல் கொண்டுவந்த பெரிய கேம்பிரிட்ஜ் இலக்கணம் இந்த வாதத்தை ஏற்று, மூன்று இடத்திலும் ப்ரெபொசிஷன் என்றே எழுதியது. அமைச்சர் அதைப் படித்துவிட்டு வந்தவராகத் தெரியவில்லை. வாய் தவறியும் சில சமயம் சரியாக வந்துவிடுகிறது.

பாடநூல்கள் விடாமல் பிடித்திருக்கும் எட்டுச் சொல்வகை ஆங்கிலத்தைப் பார்த்துச் செய்ததே அல்ல. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் டயோனிசியஸ் த்ராக்ஸ் பெயரில் வழங்கும் கிரேக்க இலக்கணம் எட்டு என்றது. லத்தீனில் ஆர்ட்டிகிள் இல்லை. ரோமர்கள் அதை எடுத்துவிட்டு இன்டர்ஜெக்ஷனைச் சேர்த்து எண்ணிக்கையைக் காப்பாற்றினார்கள். ஆங்கிலக்காரர்கள் லத்தீனைப் பார்த்து எழுதினார்கள். பார்ட்டிசிபிளுக்குத் தனி இடம் போயிற்று. நவுனுக்குள் இருந்த அட்ஜெக்டிவ் தனிக்குடித்தனம் போனது. 1795இல் லிண்ட்லி மர்ரே ஆர்ட்டிகிளையும் எண்ணி ஒன்பது என்றார். இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் அதிகாரிகளின் பிள்ளைகளுக்காக எழுதப்பட்டு, பிறகு நம் வீட்டு அலமாரிகளிலும் குடியேறிய ரென் அண்ட் மார்ட்டின், ஆர்ட்டிகிளை அட்ஜெக்டிவுக்குள் தள்ளி மறுபடி எட்டு ஆக்கியது. எட்டுக்கு என்ன ராசியோ!

1952இல் அமெரிக்க மொழியியலாளர் சி.சி. ஃப்ரைஸ் தொலைபேசி உரையாடல்களைப் பதிவுசெய்து கேட்டு, நவுன், வெர்ப் என்ற பெயர்களையே ஒதுக்கினார். நான்கு பெரிய வகுப்புகள், பதினைந்து சிறு குழுக்கள். எண்ணும் எழுத்தும்தான் பெயர். துணிச்சல்தான். வகுப்பறையில் யார் அதை நினைவில் வைப்பது?

தனிச்சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்கும் வரை சொற்றொடர் கண்ணில் படாது. ‘த கிங் ஆஃப் இங்கிலாண்ட்ஸ் ஹேட்’ என்கையில் உடைமை காட்டும் ‘ஸ்’ ஒட்டியிருப்பது இங்கிலாந்தின் மேல், தொப்பியோ ராஜாவுடையது. அந்த ‘ஸ்’ முன்னாலுள்ள மொத்தத் தொடருக்கும் சேர்த்து வந்தது. ஒவ்வொரு சொல்லின் தலையிலும் ஒரு வகைப்பெயர் எழுதிவைக்கும் பயிற்சியில் இது எங்கே தெரியப்போகிறது?

நம் தேர்வுகளிலும் அடிக்கோடிட்ட சொல்லின் வகையைக் கேட்கிறார்கள். கேட்கட்டும். கூடவே, எதை வைத்துச் சொல்கிறாய் என்று ஒரு வரியும் கேட்கலாம். பிஃபோர் எங்கே வந்தாலும் ப்ரெபொசிஷன்தான் என்று காரணத்தோடு ஒரு பிள்ளை எழுதினால், அதற்கும் மதிப்பெண் தர விடைக்குறிப்பில் இடம் வேண்டும்.