பழைய சாமானை இயங்கலையில் விற்கிறீர்களா? பணம் ஏறிய பிறகே பொருள் லோரியில் ஏற வேண்டும்

முன்பெல்லாம் வீட்டுக்கு வேண்டாத பெரிய பொருள்களைக் கழிக்க ஒரே வழிதான் இருந்தது. 'சூராட் காபார் லாமா' என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு தாமானுக்குள் வரும் லோரியை நிறுத்த வேண்டும். லோரிக்காரர் சொல்வதுதான் விலை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் துணி துவைக்கும் இயந்திரம்கூட சில பத்து வெள்ளிக்குக் கைமாறிவிடும். இன்று அதே இயந்திரத்தைக் கைப்பேசியில் படமெடுத்து மூடா, கரோசெல், முகநூல் சந்தை ஆகியவற்றில் போட்டால் பல மடங்கு விலை கிடைக்கிறது. அன்று மாலையே புலனத்தில் ஐந்தாறு பேர் விசாரிக்கிறார்கள்.

நம்மவர்களுக்கு இது நல்ல வாய்ப்பு. தீபாவளிக்கு முன் பழைய சோபாவை மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். தோட்டத்து லயன் வீட்டைக் காலி செய்து மலிவு விலை அடுக்குமாடிக்குப் போகிறவர்கள், புது வீட்டு வாசலில் நுழையாத தேக்குக் கட்டிலை என்ன செய்வது என்று தவிக்கிறார்கள். பெற்றோர் மறைந்த பிறகு, அவர்கள் புழங்கிய அலமாரியையும் குளிர்சாதனப் பெட்டியையும் விற்க வேண்டிய பிள்ளைகளும் உண்டு. விற்று வரும் சில நூறு வெள்ளி, பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கோ புது வீட்டு முன்பணத்துக்கோ உதவும்.

ஆனால் ஒரு விஷயத்தில் நாம் அசட்டையாக இருக்கிறோம். போலீசும் வங்கிகளும் விடுக்கும் எச்சரிக்கைகளைக் கேட்டுக் கேட்டு, இணையத்தில் ஏமாறுகிறவர் வாங்குபவர்தான் என்று பழகிவிட்டோம். பணம் கட்டியவருக்குப் பொருள் வராமல் போகலாம். விற்பவருக்கு என்ன ஆபத்து, பணம் அவருக்குத்தானே வருகிறது என்று நினைக்கிறோம். மோசடிக்காரர்களுக்கு வசதியாக இருப்பது இந்த நினைப்புதான்.

பெரிய பொருளுக்குப் பாதுகாப்பு குறைவு

ஒரு கைப்பேசியையோ கைப்பையையோ விற்றால், பணத்தைத் தளமே பிடித்து வைத்து, பொருள் போய்ச் சேர்ந்த பிறகு விற்பவருக்கு விடுவிக்கும் ஏற்பாடு சில தளங்களில் உண்டு. அந்த ஏற்பாடு பெரும்பாலும் கூரியரில் போகக்கூடிய சிறு பொட்டலங்களுக்கே ஒத்துவரும். இரண்டு கதவு குளிர்சாதனப் பெட்டியைப் பொட்டலம் கட்டி அனுப்ப முடியாது. வாங்குபவர் லோரியுடன் நேரில் வர வேண்டும், விலையைத் தளத்துக்கு வெளியே பேசி முடிக்க வேண்டும். அதாவது பணமும் பொருளும் கைமாறும் நேரத்தில் நடுவர் யாரும் இல்லை. சிறு பொருளை விற்பவர் பேரங்காடி வாசலிலோ எண்ணெய் நிலையத்திலோ ஆளைச் சந்தித்துக்கொள்ளலாம். பெரிய பொருளை விற்பவர் தம் வீட்டு முகவரியையே கொடுக்க வேண்டியுள்ளது.

ஆகவே பணத்துக்கும் வீட்டுக்கும் சேர்த்துக் காவல் வேண்டும்.

பணம் பெற என்னதான் தேவை?

பணம் பெறுவதற்கு உங்கள் வங்கிக் கணக்கு எண், அல்லது டூயிட்நவ்வில் பதிந்த கைப்பேசி எண், அல்லது உங்கள் கியூஆர் படம் போதும். இதற்கு மேல் எது கேட்டாலும் அது மோசடி.

வழக்கமான கதை இப்படிப் போகும். விசாரிப்பவர் பேரம் பேசமாட்டார். பொருளை வந்து பார்க்கவும் மாட்டார். "நான் ஜொகூரில் இருக்கிறேன், கூரியர் நிறுவனத்திடம் பணத்தைக் கட்டிவிட்டேன், இந்த இணைப்பைத் தொட்டால் உங்களுக்குப் பணம் வந்துவிடும்" என்பார். தொட்டால், பெயர்பெற்ற நிறுவனத்தின் பக்கம் போலவே ஒன்று திறக்கும். வங்கி அட்டை எண்ணும் கடவுச்சொல்லும் கேட்கும். சிலர் 'ஏபிகே' கோப்பை அனுப்பி, புதிய செயலியைப் பதிவிறக்கச் சொல்வார்கள். அத்தகைய செயலி கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்திகளைத் திருட்டுத்தனமாகப் படித்துவிடும். வேறு சிலர், "லோரிக் காப்புறுதிக்கு ஐம்பது வெள்ளி முதலில் கட்டுங்கள், பிறகு சேர்த்துத் தருகிறோம்" என்பார்கள்.

வங்கிப் பரிவர்த்தனைக்கான குறுஞ்செய்தி டிஏசி எண்ணைக் கைவிட்டு, பாதுகாப்பான வேறு முறைக்கு மாறும்படி 2022-இல் பேங்க் நெகாரா வங்கிகளைப் பணித்தது. அதன்படி பல வங்கிகள் செயலி வழி ஒப்புதலுக்கு மாறின. மோசடிக்காரர்களும் கூடவே மாறிக்கொண்டார்கள். முன்பு எண்ணைக் கேட்டவர்கள், இப்போது செயலியில் வரும் ஒப்புதல் பொத்தானை அழுத்தச் சொல்கிறார்கள். ஒப்புதல் கேட்கப்படுவது பணம் வெளியே போவதற்குத்தான். உள்ளே வரும் பணத்துக்கு யாரும் உங்கள் ஒப்புதலைக் கேட்பதில்லை. கியூஆர் படமும் அப்படியே: காட்டுகிறவர் பணம் பெறுகிறார், ஸ்கேன் செய்கிறவர் பணம் கொடுக்கிறார். விற்பவரை ஸ்கேன் செய்யச் சொன்னால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடலாம்.

ரசீது வேறு, பணம் வேறு

லோரி வாசலில் நிற்கும். ஆள்கள் சோபாவைத் தூக்கிக்கொண்டிருப்பார்கள். வாங்குபவர் கைப்பேசியில் ரசீதைக் காட்டி, "பணம் போட்டாச்சு அக்கா" என்பார். ரசீது என்பது ஒரு படம். அதில் தொகையையும் தேதியையும் மாற்றுவது கடினமே அல்ல. ரசீது உண்மையாகவே இருந்தாலும், அது ஐபிஜி வகைப் பரிமாற்றமாக இருந்தால் பணம் வந்துசேர அடுத்த வேலை நாள்கூட ஆகலாம். பிற்பாடு அனுப்புவதற்காகக் குறித்து வைத்த பரிமாற்றத்தை, லோரி தெருவைத் தாண்டியதும் ரத்து செய்துவிடவும் முடியும்.

காசோலையும் இப்படித்தான். இயந்திரத்தில் போட்ட சீட்டின் படத்தை அனுப்பிவிட்டு, "தவறுதலாக 300 வெள்ளி கூடுதலாகப் போட்டுவிட்டேன், அதைத் திருப்பி அனுப்புங்கள்" என்பார்கள். நீங்கள் அனுப்பும் 300 வெள்ளி உண்மையான பணம். அவர்கள் போட்ட காசோலை மறுநாள் திரும்பி வந்துவிடும்.

உங்கள் வங்கிச் செயலியை நீங்களே திறந்து, கணக்கில் தொகை ஏறியிருப்பதைப் பார்த்த பிறகே பொருள் லோரியில் ஏற வேண்டும். டூயிட்நவ் வழி பணம் பொதுவாகச் சில வினாடிகளில் வந்துவிடும். ஆகவே "சற்று நேரம் ஆகும்" என்பவரிடம், "வந்த பிறகு ஏற்றிக்கொள்ளலாம் தம்பி, உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள்" என்று சொல்வதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. ரொக்கமாகத் தருபவரிடம் நோட்டுகளை வெளிச்சத்தில் பார்த்து, தடவி, சாய்த்துப் பார்த்து வாங்குங்கள்.

பணம் வந்தும் சிக்கல் வரலாம்

பலர் அறியாத இன்னொரு வகை உண்டு. நீங்கள் போட்ட குளிர்சாதனப் பெட்டியின் படத்தை எடுத்து, மோசடிக்காரர் தம் பெயரில் ஒரு விளம்பரம் போடுகிறார். வேறோர் ஊரில் இருக்கும் ஒருவர் அதை நம்பிப் பணம் கட்ட முன்வருகிறார். அவரிடம் உங்கள் கணக்கு எண்ணைக் கொடுக்கிறார். உங்கள் கணக்கில் உண்மையாகவே பணம் ஏறுகிறது. மோசடிக்காரர் அனுப்பிய லோரி பொருளை எடுத்துப் போகிறது. பணம் கட்டியவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அவர் போலீசில் புகார் செய்கிறார். புகாரில் இருப்பது உங்கள் கணக்கு எண்.

விசாரணை முடியும்வரை அந்தக் கணக்கு முடக்கப்படலாம். மோசடிப் பணம் புழங்கும் கழுதைக் கணக்குகளைத் தடுக்க, தண்டனைச் சட்டத்தில் 424ஏ முதல் 424டி வரையிலான பிரிவுகள் 2024-இல் சேர்க்கப்பட்டன. விவரம் தெரியாமல் நேர்மையாக விற்றவர், தாம் நேர்மையாக விற்றதைக் காட்ட வேண்டிய நிலைக்கு ஆளாகிறார்.

இதற்கு ஒரு காவல் உண்டு. பணம் அனுப்பியவர் பெயரும், பொருளை எடுக்க வருபவர் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறு பெயரில் பணம் வந்திருந்தால், அவர் யார் என்று கேட்டு, அவரிடமே பேசி உறுதி செய்யுங்கள். உரையாடலை அழிக்காதீர்கள். பொருள் ஏறிய லோரியின் பதிவு எண் தெரியும்படி ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். போலீசின் செமாக் மியூல் பக்கத்தில் வாங்குபவரின் கைப்பேசி எண்ணையும் கணக்கு எண்ணையும் சோதித்துப் பார்க்கலாம். ஆனால் அதில் வருவது ஏற்கெனவே புகார் செய்யப்பட்ட எண்களே. பெயர் வரவில்லை என்பதால் ஆள் நல்லவர் என்று ஆகிவிடாது.

வாசலுக்கு வருபவர்

விளம்பரத்தில் தாமான் பெயர் போதும். வீட்டு எண்ணை, வருவது உறுதியான பிறகு கொடுங்கள். படத்தின் பின்னணியில் வீட்டு எண், பூஜை அறை, பிள்ளையின் பள்ளிச் சீருடை ஆகியவை தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பகலில் வரச் சொல்லுங்கள். முடிந்தால் பொருளை முதல்நாளே வாசல் பக்கம் நகர்த்தி வையுங்கள்; வருபவர் படுக்கையறை வரை நடக்கத் தேவையில்லை. அடுக்குமாடியில் கீழ்த்தளத்தில், காவலர் கூடத்துக்கு அருகில் கொடுக்கலாம். பாட்டி மட்டும் வீட்டில் இருக்கும் நேரத்தில் யாரையும் வரச் சொல்லாதீர்கள்.

விற்பதற்கு முன் பொருளையும் ஒருமுறை சோதியுங்கள். அலமாரியின் சேலை அடுக்குக்குள் சங்கிலியையும், மெத்தைக்கு அடியில் நிலப் பட்டாவையும் வைப்பது நம் பாட்டிமார் வழக்கம். ஸ்மார்ட் தொலைக்காட்சியில் உங்கள் கணக்குகளிலிருந்து வெளியேறுங்கள். கீறல், ஒழுகல், சத்தம் எது இருந்தாலும் விளம்பரத்திலேயே சொல்லிவிடுங்கள். வந்தவர் முன் ஓட்டிக் காட்டுங்கள். மறுநாள் வரும் பாதித் தகராறு அதிலேயே தீர்ந்துவிடும்.

ஏமாந்துவிட்டால்

உடனே உங்கள் வங்கியையும், தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 எண்ணையும் அழையுங்கள். 2022-இல் தொடங்கப்பட்ட இந்த மையம், போன பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவுவதற்குள் தடுக்க முயல்கிறது. அதனால் முதல் சில மணி நேரம் முக்கியம். பிறகு அருகிலுள்ள எந்தப் போலீஸ் நிலையத்திலும் புகார் செய்யலாம். தண்டனைச் சட்டத்தின் 420-வது பிரிவின் கீழ் ஏமாற்றுக் குற்றத்துக்குப் பத்தாண்டு வரை சிறை, பிரம்படி, அபராதம் உண்டு. ஆனால் புகாரே இல்லாத குற்றத்தை எந்தச் சட்டமும் தண்டிக்காது.

நம்மிடையே பலர் இந்த இடத்தில்தான் பின்வாங்குகிறார்கள். "போனது நானூறு வெள்ளிதானே, வெளியே சொன்னால் சிரிப்பார்கள்" என்று மூடி மறைக்கிறார்கள். மலாய் மொழியில் புகார் எழுதத் தயங்கி வீட்டிலேயே இருந்துவிடும் பெரியவர்களும் உண்டு. அவர்களோடு நிலையத்துக்குப் போக ஒரு பிள்ளை, ஓர் அண்டை வீட்டார் போதும். ஆலய நிர்வாகங்களும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கங்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையை ஒதுக்கி, வங்கிச் செயலியில் பணம் ஏறியதை எப்படிப் பார்ப்பது என்று பெரியவர்களுக்குக் கையோடு காட்டிக் கொடுக்கலாம். ஒரு மணி நேர வேலைதான். தீபாவளிக்கு முந்திய வாரங்களில் செய்தால் பலன் அதிகம். பழைய சாமான்கள் அதிகமாக விலைக்கு வருவது அப்போதுதான்.